அருவித் தண்ணீரும் ஐம்பத்தைந்து சாடிகளும்

கொழும்பில் இருந்த எங்கள் கம்பெனி என்னைத் தென்காசிக்கு அனுப்பியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு வர. பாட்டரியில் அவர்கள் என்ன தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

மூன்று வருஷங்களுக்கு முன், தென்காசியில் நெல் ஆலை வைத்திருந்த காதர் மைதீன் ராவுத்தர் எங்களிடம் ஒரு பெரிய பாட்டரி வாங்கியிருந்தார். முழங்காலுக்கு மேல் உயரமுள்ள கண்ணாடிச் சாடிகள் ஐம்பத்தைந்து. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள், ஆசிட். பகலில் ஆலை எஞ்சின் ஓடும்போது டைனமோ அந்தச் சாடிகளில் மின்சாரத்தை நிரப்பும். மாலையில் எஞ்சின் நின்றபின் அதுவே, ஆலையை ஒட்டி ராவுத்தர் கட்டிவைத்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு விளக்கு எரிக்கும். பத்து வருஷம் உழைக்கும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். மூன்றாவது வருஷமே, ஏழு மணிக்கெல்லாம் விளக்கு மங்குகிறது என்று கடிதம் வந்துவிட்டது.

உத்தரவாதப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு. சாடிகளில் நீர் குறையும்போது காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். வேறு எந்தத் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் அதை எழுதிக்கொண்டு அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடு என்றார் மேனேஜர். நான் அப்போது பாட்டரி கோர்க்கும் பகுதியில் மேஸ்திரி. வயது முப்பத்திரண்டு. பிறந்தது யாழ்ப்பாணத்துப் பக்கம். இந்தியாவை அதற்கு முன் பார்த்ததில்லை.

தென்காசி ரயிலடியில் இறங்கியபோது மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒன்று முகத்தில் பட்டது. சாரல் என்றார்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் பெய்யும், நின்றால் நிற்கும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கு மலையிலிருந்து யாரோ ஈரத் துணியை உதறுவதுபோலத் தூவுகிறது. குடை விரித்தவர் நான் ஒருவன்தான்.

ஜட்காக்காரர் என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஏறியிருந்த இன்னொருவரிடம், “இவுக மலையாளத்துக்காரவுக போலுக்கு. பேச்சு இழுக்குது பாரும்” என்று மெதுவாகச் சொன்னார். நான் தமிழன்தான் என்றேன். அவர் நம்பவில்லை. ஆலை வாசலில் இறக்கிவிடும்வரை தெரிந்த நாலு மலையாளச் சொற்களை வைத்து என்னோடு மரியாதையாகப் பேசிக்கொண்டே வந்தார்.

ராவுத்தர் ஐம்பது வயதுக்காரர். உயரம். கொழும்பில் அவருக்குத் துணிக்கடை இருந்ததால் என் பேச்சு அவருக்குப் பழக்கம். பாட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுமுன் சாப்பிட உட்காரவைத்தார். பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டிலிருந்து சொதி வந்திருந்தது. சொதி என்றதும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் சொதி இடியப்பத்துக்கு மேல் தண்ணீராக ஓடும். இது வேறு சாதி. தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் கெட்டியாகக் கிடந்தன. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. ஒரே பெயரில் இரண்டு உறவுக்காரர்களைப் பார்த்ததுபோல் இருந்தது. மூன்று முறை வாங்கினேன்.

பிறகு பாட்டரி அறைக்குக் கூட்டிப்போனார். வாசலிலேயே நின்று தன் சுருட்டைத் தரையில் நசுக்கிவிட்டு, தான் உள்ளே வருவதில்லை என்றார். சாடிகளிலிருந்து எழும் வாயு தீப்பற்றக்கூடியது என்று ஆஸ்பத்திரி நர்சம்மா விதி வைத்திருக்கிறாராம். மூன்று வருஷமாக அவருடைய சொந்த அறைக்குள் அவரால் நுழைய முடியவில்லை.

உள்ளே போனதும் நின்றுவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான பாட்டரி அறைகளைப் பார்த்தவன் நான். தரையில் ஆசிட் கறை, கம்பிகளில் பச்சைக் களிம்பு, மூலையில் எலிப்புழுக்கை, இதுதான் வழக்கம். இந்த அறை கழுவித் துடைத்து வெள்ளையடித்து இருந்தது. ஐம்பத்தைந்து சாடிகளும் இரண்டு வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, இணைப்புகளில் மெல்லியதாக வாஸ்லைன் பூசி நின்றன.

அங்கேதான் இசக்கியம்மாளைப் பார்த்தேன். ஊரில் நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது வயது இருக்கும். வாசுதேவநல்லூர்க்காரர். முதல் வாரம் மட்டும் பாட்டரியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எஞ்சின் டிரைவருக்குத்தான் இருந்ததாம். அவர் நினைத்த நாளில் பார்த்தார், நினைக்காத நாளில் விட்டார். ஆசிட்டின் பலத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி மிதவை உண்டு. அது எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்து எண்ணைப் படிக்க வேண்டும். கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதிக்க இதே மாதிரி ஒரு சின்ன மிதவையைத் தினமும் பார்ப்பவர் நர்சம்மா. அதனால் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா இந்த வேலையையும் அவரிடம் கொடுத்துவிட்டார்.

நான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“குத்தாலத்துத் தண்ணிதான் அண்ணாச்சி ஊத்துதேன். எங்கிட்ட வந்த மொத நாள்லேருந்து அதுதான்.”

நான் வந்த வேலை முதல் மணி நேரத்திலேயே முடிந்துபோனது. மாலை என் நோட்டில் அதை எழுதி, தேதியும் போட்டேன். மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அறிக்கைக்காகச் சில கணக்குகளை எடுக்க நர்சம்மாவின் நோட்டை வாங்கினேன். அதுதான் என்னை மாட்டிவைத்தது. மூன்று வருஷம், ஒரு நாள் விடாமல், ஐம்பத்தைந்து சாடிகளுக்கும் மிதவை காட்டிய எண்ணை எழுதியிருந்தார். காய்ச்சலாகக் கிடந்த நாளில்கூட யாரையோ வைத்து எழுதவைத்து, பக்கத்தில் “நான் பார்க்கவில்லை” என்று குறித்திருந்தார். கொழும்பில் எங்கள் சொந்தத் தொழிற்சாலையில் அப்படி ஒரு நோட்டு கிடையாது.

பக்கங்களைப் புரட்டப் புரட்ட ஒன்று கண்ணில் பட்டது. முதல் நாற்பத்தொரு சாடிகள் அன்று இருந்ததுபோலவே இன்றும் இருந்தன. நாற்பத்திரண்டு முதல் ஐம்பத்தைந்து வரை பதினான்கு சாடிகள் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியிருந்தன. எல்லாச் சாடிக்கும் ஒரே தண்ணீர். தண்ணீர் சாடி பார்த்துக் கெடுக்குமா?

நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் நர்சம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீரை எடுக்கும் இடத்தைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் குற்றாலம் போனோம். அவர் தண்ணீர் வண்டியில், நான் பஸ்ஸில். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்னால் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு எல்லாரும் இறங்கித் தள்ளினோம். பாட்டரி பார்க்க வந்தவன் பஸ் தள்ளிய கதையைக் கொழும்பில் சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப்போனது. நர்சம்மா திரும்பிப் பார்த்தார், சிரிக்கவில்லை.

அருவியைப் பற்றி நான் என்ன எழுதினாலும் குறைவுதான். சத்தம் முதலில் நெஞ்சில் கேட்கிறது, பிறகுதான் காதில். பாறையடியில் எண்ணெய் தேய்த்த உடம்புகள் வரிசையாக நின்றன. திருவிதாங்கூரிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மலையாளம் என்றாலும் விளங்கியது. ஒருத்தி, “இந்தத் தண்ணீரில் மூலிகை இருக்கிறது, என் தலைவலி போய்விடும்” என்றாள். மற்றவள், “உன் மாமியாரையும் கூட்டிவந்திருந்தால் எல்லாத் தலைவலியும் போயிருக்கும்” என்றாள்.

மூலிகை கரைந்த தண்ணீர் பாட்டரிக்கு விஷம். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டேன். நர்சம்மாவோ அருவிக்கரையில் நிற்கவே இல்லை. பக்கவாட்டுப் படியேறி, குளிப்பவர்கள் யாரும் வராத மேல் ஓடைக்குப் போனார். எண்ணெயும் சீயக்காயும் படாத இடம். கண்ணாடிக் குடுவையை மூன்று முறை அலசி, நாலாவது முறை நிரப்பினார். பிறகு மடியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். பிறந்த குழந்தைகளின் கண்ணில் விடும் சில்வர் நைட்ரேட் சொட்டு மருந்து.

இரண்டு சோதனைக் குழாய்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் ஆஸ்பத்திரிக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் ஓடைத் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். கிணற்றுத் தண்ணீர் உடனே மோர் மாதிரி வெளுத்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் அப்படித்தான் ஆகும். ஓடைத் தண்ணீர் அப்படியே நின்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. கொழும்பில் நாங்கள் காய்ச்சி வடிக்கும் நீரில் இதைவிட அதிகம் வெளுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

“வடிக்கிறதுக்கு இங்கன ஏது எந்திரம்? இருக்கிற தண்ணியில எது சுத்தம்னு பாத்தேன். ஒவ்வொரு வண்டித் தண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துதேன்” என்றார்.

பிறகு நான் கீழே போய் அருவியில் நின்றேன். தலையில் யாரோ மரக்கட்டையால் அடிப்பதுபோல் இருந்தது. வெளியே வந்தபோது பத்து வயது குறைந்திருந்தது. மலையிலிருந்து வந்த மங்குஸ்தான் ஒரு கூடை வாங்கித் தின்றோம். எங்கள் களுத்துறைப் பழத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திரும்பும் வழியில் வண்டியில் அவரோடு ஏறிக்கொண்டேன். அப்போதுதான் மற்றதைச் சொன்னார். விளக்கு மங்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. அருவித் தண்ணீரை ஊற்றி நர்சம்மாதான் பாட்டரியைக் கெடுத்துவிட்டார் என்று எஞ்சின் டிரைவர் சொல்ல, ஆலையில் எல்லாரும் அதையே சொல்ல, கடைசியில் டாக்டரம்மாவும் நம்பிவிட்டார். என் அறிக்கை வந்ததும் அந்த அறையின் சாவியை அவரிடமிருந்து வாங்கிவிடுவதாக ராவுத்தர் முடிவு செய்திருந்தார். இதைச் சொல்லும்போது நர்சம்மாவின் குரல் மாறவில்லை. குடுவை உருளாமல் காலால் முட்டுக்கொடுத்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் நாற்பத்தெட்டாம் சாடியைக் கழற்றினேன். தகடுகள் ஒன்றோடொன்று முட்டாமலிருக்க நடுவில் மெல்லிய மரச் சீவல்கள் செருகியிருப்போம். அவை கறுத்து நைந்திருந்தன. தகடுகளின் ஓரம் அரித்து உப்பியிருந்தது. இது தண்ணீரின் வேலை அல்ல. என்ன என்று யோசித்தபடி நோட்டின் முதல் பக்கங்களுக்குப் போனேன். பாட்டரி வந்த முதல் மாதம், ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: “42 முதல் 55 வரை காடி வாடை அடிக்கிறது. மற்றதில் இல்லை.”

காடி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மரச் சீவலைச் செருகுமுன் சோடாக் காரம் கலந்த தண்ணீரில் ஒரு முழு நாள் வேகவைக்க வேண்டும். அப்போதுதான் மரத்திலுள்ள புளிப்பு வெளியேறும். வேகாத மரம் சாடிக்குள் காடியாகச் சுரந்து ஈயத்தைத் தின்னும். தென்காசி பாட்டரியின் கடைசிப் பெட்டியை நாங்கள் கட்டிய வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமை கப்பல். சீவல் பாதிதான் வெந்திருந்தது. வேகவைத்துக்கொண்டிருந்த ஆள் இன்னும் அரை நாள் வேண்டும் என்றான். போதும், எடு என்று சொன்னவன் நான். சரிபார்த்ததாகப் பெட்டியில் கையெழுத்துப் போட்டவனும் நான்.

இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. என் நோட்டில் அருவித் தண்ணீர் என்று எழுதித் தேதியும் போட்டாகிவிட்டது. நிபந்தனைப்படி அது பொய்யும் இல்லை. மாலை முழுக்க ஆலைக்குப் பின்னாலிருந்த வயல் வரப்பில் நடந்தேன். மேனேஜரின் முகம் வந்தது. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனை வந்தது. ஆனால் திரும்பத் திரும்ப வந்தது, அந்த அம்மாள் குடுவையை மூன்று முறை அலசியதுதான். நான் அரை நாள் பொறுக்கவில்லை. அவர் மூன்று வருஷம் பொறுத்திருக்கிறார்.

நாலாம் நாள் காலை தந்தி ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். பழுது தண்ணீரில் இல்லை. மரம் சரியாக வேகவில்லை. வேலை என் பொறுப்பில் நடந்தது. அதே வாரத்துச் சாடிகள் வேறு இடங்களுக்கும் போயிருக்கின்றன. தந்தி வாங்கிய குமாஸ்தா சொற்களை எண்ணிவிட்டு, கடைசி வரியை வெட்டலாமே என்று அக்கறையாகச் சொன்னார். வெட்ட வேண்டாம் என்றேன்.

அங்கிருந்து நேரே ராவுத்தரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “அப்பம் நம்ம குத்தாலத்துத் தண்ணியில தப்பில்லேங்கியளா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். “சரி. மனுசன் செஞ்சதை மனுசன்தான் ஒக்கிடணும். எப்படிச் சரிபண்ணுததுன்னு சொல்லுங்க” என்றார்.

நர்சம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

“மூணு மாசமா எல்லாரும் என்னயச் சொன்னாவ. இதை எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? மொதல்ல டாக்டரம்மாட்ட சொல்லுங்க” என்றார்.

டாக்டரம்மா நாகர்கோயில் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நர்சம்மாவைக் கூப்பிட்டு என் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டார். பிறகு எனக்கு ஒன்றை விளக்கினார். மயக்கத்துக்கு ஈதர் கொடுத்தால் பக்கத்தில் தீபம் இருக்கக்கூடாது, அறையே பற்றிக்கொள்ளும். அதனால் மண்ணெண்ணெய் விளக்கில் ஈதர் கிடையாது. விளக்கு மங்கிய மூன்று மாதமாக, மாலை ஐந்து மணிக்கு மேல் வரும் சிக்கலான கேஸ்களை அவர் பாளையங்கோட்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சிலர் உயிரோடு போய்ச் சேரவில்லை.

மரத்துக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்களைத் தகடுகளுக்கு நடுவில் தொங்கவிடலாம். பழைய முறைதான், ஆனால் கண்ணாடி எதையும் சுரக்காது. ஐந்தாம் நாள் பாளையங்கோட்டை போய் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் கெஞ்சி, நூற்று முப்பது நீளக் குழாய்கள் வாங்கினேன். வைக்கோலில் சுற்றிய இரண்டு கட்டுகள். ரயிலில் எனக்கு எதிரே இலத்தூர்க்காரர் ஒருவர் வாழைக்கன்றுகளோடு உட்கார்ந்திருந்தார். என்ன கட்டு என்று கேட்டார், சொன்னேன். பிரசவ ஆஸ்பத்திரிக்கு என்றதும் வாழைக்கன்றுகளைக் காலடியில் தள்ளிவிட்டு ஒரு கட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

தண்டவாளத்தில் எருமைகள் நின்றதால் வழியில் வண்டி திடீரென்று நின்றது. என் மடியிலிருந்த கட்டில் பதினொரு குழாய்கள் உடைந்தன. அவர் மடியிலிருந்ததில் ஒன்றுகூட உடையவில்லை. தென்காசியில் நான் இறங்கும்போது, “அடுத்த மட்டம் ரெண்டு கட்டையும் எங்கிட்ட தாங்க” என்றார்.

அடுத்த இரண்டு நாள் கடுமையான வேலை. நான் பதினான்கு சாடிகளையும் காலி செய்து, தகடுகளைக் கழுவி, மரத்தை எடுத்தேன். நர்சம்மா, மருந்துப் புட்டிகளின் கழுத்தை அறுக்கும் சின்ன அரத்தால் குழாய்களை அளவாக வெட்டினார்; வெட்டிய நுனியை அறைக்கு வெளியே ஸ்பிரிட் விளக்கில் காட்டி மழுங்கவைத்தார். முந்நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள். ஒன்றின் நீளம் நெல்லளவு குறைந்தாலும் ஒதுக்கினார். இது பரவாயில்லை என்று நான் ஒன்றை எடுக்கப்போனேன். “அதை அங்கனயே வையுங்க” என்றார். வைத்துவிட்டேன்.

மேல் ஓடைத் தண்ணீரில் புது ஆசிட் கலந்து நிரப்பி, மெதுவாக மின்சாரம் ஏற்றத் தொடங்கினோம். அன்று மத்தியானம்தான் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. பிரிக்கக் கை வரவில்லை. ராவுத்தரே பிரித்துப் படித்தார். புதுத் தகடுகள் அடுத்த கப்பலில் வருகின்றன. மற்ற இடங்களின் பட்டியல் எடுத்தாயிற்று. வேலை முடியும்வரை இரு. திரும்பியதும் என்னை நேரில் பார்.

கடைசி வரி என்னைச் சில நாள் சரியாகச் சாப்பிடவிடவில்லை. ராவுத்தர் வீட்டார் கருப்பட்டிக் காப்பியும் எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியோடு இட்லியும் கொடுத்து என்னைத் தேற்றப் பார்த்தார்கள். நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விற்றுப்போன பாட்டரிகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வரும் வேலையில் போட்டார்கள். அதற்கு முன் அப்படி ஒரு வேலையே கம்பெனியில் இல்லை. தண்டனை என்றுதான் நினைத்தேன். பதினாறு வருஷம் அதைச் செய்தேன். மலைத் தோட்டங்களில் அந்த வாரத்துச் சாடிகள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து மாற்றினேன். அதைவிட நல்ல வேலை எனக்கு வாய்த்ததில்லை.

பதினான்கில் மூன்று சாடிகள் தேறவில்லை. அவற்றை எடுத்துவிட்டு ஐம்பத்திரண்டைக் கோர்த்தோம். இனிப் பரீட்சை. காலை ஏழு மணிக்கு விளக்குகளைப் போட்டு, இடைவிடாமல் பத்து மணி நேரம் எரியவிட வேண்டும். பத்தாவது மணி முடியும்போதும் ஒவ்வொரு சாடியும் தன் பலத்தில் நிற்க வேண்டும். நின்றால்தான் பாட்டரியை நம்பலாம்.

ஆஸ்பத்திரி விளக்குகள் போதாமல் ஆலை முற்றத்தில் கயிறு கட்டி நாற்பது விளக்குகளைத் தொங்கவிட்டோம். மேலே வெயில் அடிக்கிறது, கீழே விளக்கும் எரிகிறது. நெல் கொண்டுவந்தவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். “பகல்ல வெளக்கு ஏத்தி வச்சு என்னத்தத் தேடுதாவ?” என்று ஒருவர் கேட்டார். எஞ்சின் டிரைவர் அங்கிருந்து எழுந்துபோனார். பத்து மணிக்கு வந்த சாரலில் சூடான இரண்டு பல்புகள் வெடித்தன. மாற்றினோம். ஒவ்வொரு மணிக்கும் நர்சம்மா ஐம்பத்திரண்டு சாடிகளையும் அளந்து எழுதினார்.

நாலு மணிக்குப் புளியறையிலிருந்து ஒரு வில்வண்டி வந்தது. உள்ளே ஒரு இளம்பெண். முதல் பிரசவம். இரண்டு நாளாக வலி, குழந்தை குறுக்கே கிடந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு நேரே பாட்டரி அறை வாசலுக்கு வந்தார்.

“பாளையங்கோட்டைக்கு அனுப்ப நேரம் இல்லை. ஈதர் கொடுக்கணும். இந்த வெளிச்சத்தை நான் நம்பலாமா?”

ஒன்பது மணி நேரம் ஓடியாகிவிட்டது. எண்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒருமுறை நான் போதும் என்று சொல்லி வந்த வினை இது. நர்சம்மாவைப் பார்த்தேன். அவர் கடைசி வரியை ஒரு முறை விரலால் ஓட்டிப் பார்த்தார்.

“நம்பலாம்மா” என்றார்.

முற்றத்து விளக்குகளை அணைத்து, அந்த மின்சாரம் முழுவதையும் ஆபரேஷன் அறைக்கு விட்டோம். நர்சம்மா உள்ளே போகவேண்டும். போகுமுன் நோட்டை என் கையில் கொடுத்தார். “எழுதுததை நேரா எழுதுங்க” என்றார்.

சாரல் கூடி வானம் கறுத்துவிட்டது. ராவுத்தர் அணைந்த சுருட்டைக் கையில் வைத்தபடி வராந்தாவில் நடந்தார். அந்தப் பெண்ணின் புருஷன் தூணோடு தூணாக நின்றான். நான் சாடி சாடியாக மிதவையை விட்டு, குனிந்து, எண்ணைப் படித்து எழுதினேன். சிலவற்றை இரண்டு முறை படித்தேன். ஆபரேஷன் அறையின் ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் வெள்ளையாக, அசையாமல் நின்றது. ஐந்து மணி ஆனது. ஐந்தேகால் ஆனது. அப்போதும் அது அப்படியே நின்றது.

உள்ளேயிருந்து ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் புருஷன் தூணை விட்டு அறை வாசலுக்குப் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்து, இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று அவனிடம் சொன்னார்.

அதற்கும் கொஞ்சம் கழித்து நர்சம்மா வந்தார். ஆணா பெண்ணா என்று ராவுத்தர் கேட்டதற்கு, பெண் என்று போகிற போக்கில் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து நோட்டை வாங்கினார். நான் எழுதியிருந்த வரியைப் பார்த்தார். பிறகு மிதவையை எடுத்துக்கொண்டு போய், முதல் சாடியிலிருந்து மறுபடியும் அளக்கத் தொடங்கினார்.